ஊரடங்கில் குடும்ப வன்முறை கூடியதா, குறைந்ததா? கணக்கு ஒட்டவில்லை

யாழினி_மதுரை:
வணக்கம். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 2020 ஊரடங்கில் குடும்ப வன்முறைக்கு அரசு என்ன செய்தது என்பதுதான் என் ஆய்வேடு. இரண்டு கணக்கை வைத்துக்கொண்டு ஒரு வாரமாக முழிக்கிறேன். தேசிய மகளிர் ஆணையத்துக்கு 2019-இல் வந்த குடும்ப வன்முறைப் புகார்கள் 3,000-க்குள், 2020-இல் 5,200-க்கு மேல். ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், கணவனும் அவன் வீட்டாரும் செய்யும் கொடுமைக்கான வழக்குகள் 2019-இல் 1,25,298, 2020-இல் 1,11,549. குறைந்திருக்கிறது! "ஏதாவது ஒரு முடிவுக்கு வா" என்கிறார் என் வழிகாட்டி. அந்த நேரத்தில் களத்தில் இருந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அரசு அறிவித்ததில் எது உண்மையில் ஒரு பெண்ணின் வீட்டு வாசல் வரை வந்தது?

செல்வி அக்கா:
தங்கச்சி, அப்போது நான் ஒரு உதவி எண்ணில் ஆலோசகராக இருந்தேன். மார்ச் 25-க்குப் பிறகு முதல் சில நாட்கள் போன் அடிக்கவே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது, ஏனென்றால் சாதாரண நாளிலேயே கணவன் வேலைக்குக் கிளம்பிய பிறகுதான் எங்களுக்கு அழைப்பு வரும், இப்போது அவன் கிளம்பவே மாட்டானே. அப்புறம் வந்த அழைப்புகள் எல்லாம் காலையில்தான். கடைகள் மதியம் ஒரு மணியோடு மூடிவிடும், அதற்குள் அவன் காய் வாங்கப் போகும் அந்த அரைமணி நேரம். ஒரு பெண் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினாள், வாளியில் தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவே தெருப் பெயர் மட்டும் கேட்டது, தண்ணீர் நின்றதும் போனும் நின்றுவிட்டது. திருப்பி அழைக்கவும் முடியாது, அவன் எடுத்துவிட்டால்?

பேச முடியாதவர்களுக்காகத்தான் ஆணையம் ஏப்ரல் 10-ஆம் தேதி வாட்ஸ்அப் எண்ணே கொண்டுவந்தது. நல்ல காரியம்தான். ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தன் கைக்கென்று ஒரு போன் வைத்திருக்கும் பெண்கள் நாட்டில் 54 சதவீதம். உன் முதல் கணக்கு, போனோ நெட்டோ தனிமையோ கிடைத்தவர்களின் கணக்கு. இரண்டாவது, காவல் நிலையம் வரை போய்ச் சேர்ந்தவர்களின் கணக்கு, அந்த வருடம் தெருவில் இறங்கினாலே போலீஸ் நிறுத்திக் கேள்வி கேட்ட வருடம். இரண்டிலுமே வராதவர்கள்தான் அதிகம். அதே ஆய்வில், அடியோ பாலியல் வன்முறையோ பட்டவர்களில் உதவி தேடியவர்கள் 14 சதவீதம், 77 சதவீதம் பேர் யாரிடமும் உதவியும் கேட்கவில்லை, வாய் திறக்கவும் இல்லை.

குமரன்_தஞ்சை:
எங்கள் தெருவில் டாஸ்மாக் மூடியிருந்த நாட்களில் சண்டைச் சத்தமே இல்லை. மே 7-ஆம் தேதி திறந்தார்கள், மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டதும் 16-ஆம் தேதி மறுபடி திறந்துவிட்டார்கள். கடை திறப்பது பற்றி முடிவெடுத்தவர்கள் வீட்டுப் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? இதையும் உங்கள் ஆய்வேட்டில் சேருங்கள்.

செல்வி அக்கா:
கட்டாயம் சேர்க்க வேண்டும் தம்பி. ஆனால் கடை மூடியிருந்த ஏப்ரலிலும் எங்களுக்கு அழைப்பு வந்தது. வேலை போன கோபம், வாடகை, மாமியார் என்று எல்லாம் ஒரே அறைக்குள். சத்தம் வெளியே கேட்காத வீடுகளும் உண்டு.

வழக்கறிஞர்_நெல்லை:
சட்டம் பற்றி நான் சொல்கிறேன். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவருக்குக் கையும் காலுமாக இருப்பவர், அதற்கென்று அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலர்தான். தமிழ்நாட்டில் ஊரடங்கிலும் அவர்கள் வெளியே போய்வரலாம் என்று அரசு தெளிவாகச் சொன்ன பிறகு சில பெண்களை மீட்டுக் காப்பகத்தில் சேர்க்க முடிந்தது. இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். மனு வந்த மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம், நீதிமன்றமோ அவசர வழக்கை மட்டும் எடுத்தது, இது அவசரமா இல்லையா என்று வாதாடுவதிலேயே நாள் போனது.

எனக்கு இன்றுவரை ஆறாதது ஒன்று. பெண்ணைத்தான் வெளியே கூட்டிப்போனோம், பல இடங்களில் கொரோனா பரிசோதனை முடிவு இல்லாமல் காப்பகத்தில் சேர்க்கவும் மாட்டார்கள். ஆனால் அதே சட்டத்தின் பிரிவு 19-இன்படி அடித்தவனை வீட்டை விட்டு வெளியேறச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். இத்தாலியில் ட்ரெண்டோ நகர அரசு வழக்கறிஞர் அந்த நேரத்தில் அதைத்தான் சொன்னார்: அடித்தவன் கிளம்பட்டும் என்று.

வாசல் வரை வந்தது எது என்று கேட்டீர்கள். ஒடிசா போலீசைப் பாருங்கள். ஏற்கெனவே புகார் கொடுத்திருந்த பெண்களுக்கு அந்தந்தக் காவல் நிலையமே போன் செய்து 'இப்போது எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்டது. ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றம் ஏப்ரலில் தானாகவே வழக்கை எடுத்து, மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் பெண்கள் தகவல் சொல்ல வழி செய்யலாம் என்றது. ஊரடங்கிலும் ஒரு பெண் சாக்குச் சொல்லிப் போகக்கூடிய இடம் அதுதானே.

அங்கன்வாடி டீச்சர்:
இதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. மையம் மூடியிருந்தபோது நாங்கள் வீடு வீடாகச் சத்துமாவு கொண்டுபோய்க் கொடுத்தோம். கர்ப்பிணி ஒருத்தி, கதவைப் பாதி திறந்து இடது கையை மட்டும் நீட்டி வாங்கினாள். எங்கள் ஊரில் யாரும் இடது கையால் வாங்க மாட்டார்கள். கையெழுத்துக்குப் பதிவேட்டை நீட்டியபோதுதான் பார்த்தேன், வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. உள்ளே இருந்து அவன் குரல் வந்தது. நான் கிளம்பி வந்துவிட்டேன். பிறகு ஒரு அலுவலகத்தில் சொன்னேன், 'புகார் கொடுத்தால் பார்க்கலாம்' என்றார்கள்.

வழக்கறிஞர்_நெல்லை:
டீச்சர், அது தவறான பதில். பிரிவு 4-இன்படி யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுக்கலாம், அவளே வந்து கொடுக்க வேண்டியதில்லை. நல்ல எண்ணத்தில் சொன்னவர் மீது வழக்கும் வராது.

அங்கன்வாடி டீச்சர்:
இதை ஒரு பயிற்சியில்கூட எங்களுக்குச் சொல்லவில்லை சார். கை கழுவுவது, முகக்கவசம், எல்லாவற்றுக்கும் பயிற்சி இருந்தது.

யாழினி_மதுரை:
எல்லோருக்கும் நன்றி. கூடியதா குறைந்ததா என்ற கேள்வியை எடுத்துவிடுகிறேன். அந்த மூன்று மாதமும் எந்த அரசு ஊழியர் எந்த வாசலில் நின்றார், அவருக்கு என்ன சொல்லிக் கொடுத்திருந்தார்கள் என்று தேடப் போகிறேன். டீச்சர், உங்களோடு நேரில் பேசலாமா?

அங்கன்வாடி டீச்சர்:
ஞாயிற்றுக்கிழமை வாம்மா. பெயர் யாருடையதும் சொல்ல மாட்டேன். ஆனால் இடது கையால் போட்ட கையெழுத்து அந்த ஒன்று மட்டும் இல்லை, அப்புறம் தேடிப் பார்த்தேன்.