விக்டோரியா காலச் சுவரொட்டிகளில் ஏன் இத்தனை வகை எழுத்துகள்?

கேள்வி:
19ஆம் நூற்றாண்டு லண்டன் நாடகச் சுவரொட்டிகளைப் பார்த்தால் ஒரே தாளில் பத்து வகை எழுத்துகள் இருக்கின்றன, ஒரு வரி தடித்துப் பருத்து, அடுத்தது நெடுநெடுவென்று ஒல்லியாக. இது அன்றைய ரசனையா, அச்சகத்தில் வேறு வழியில்லாமல் செய்ததா?

பதில் 1:
இரண்டும்தான். அச்சுக்கோப்பவரிடம் இருப்பது அளவு மாறாத எழுத்துகள், கணினியில் இழுப்பதுபோல அவற்றை இழுக்க முடியாது. அதனால் சின்னச் சொல்லுக்கு அகன்ற எழுத்து, நீண்ட பெயருக்கு ஒடுங்கிய எழுத்து என்று எடுத்துக் கோத்தால் தாளின் அகலம் முழுதும் நிறையும். அப்புறம், சுவரில் பக்கத்திலேயே போட்டிக்காரரின் தாளும் இருக்கும், தூரத்தில் நடப்பவர் கண்ணை இழுக்க வேண்டுமே.

பதில் 2:
மர எழுத்தை மறந்துவிட்டீர்கள். பெரிய ஈய எழுத்து கனம், விலையும் கூடுதல், வார்க்கும்போது முகமும் சமமாக அமையாது. அமெரிக்காவில் டேரியஸ் வெல்ஸ் 1827இல் இயந்திரத்தால் மரத்தைக் குடைந்து எழுத்து செய்யத் தொடங்கினார், 1834இல் லெவன்வொர்த் என்பவர் அதோடு பாண்டோகிராஃபை, அதாவது ஒரு வடிவத்தைப் பின்தொடர்ந்து வேறு அளவில் நகலெடுக்கும் கருவியை, சேர்த்தார். ஒரு மாதிரி எழுத்து கையில் இருந்தால் போதும், பெரிதாகவும் சிறிதாகவும் வெட்டிக்கொண்டே போகலாம். என்னைக் கேட்டால் அந்த வெறித்தனமான வகைப்பெருக்கத்துக்கு இதுதான் பெரிய காரணம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால் இந்தப் புதுப்புது எழுத்து வகைகளே விக்டோரியா காலத்தில் பிறந்தவையா?

பதில் 1:
இல்லை, விக்டோரியா மகாராணி அரியணை ஏறியது 1837இல். லண்டன் எழுத்து வார்ப்பாளர் வில்லியம் காஸ்லன் 1816இலேயே முனைக்கோடு (எழுத்தின் நுனியில் வரும் சிறு கோடு) இல்லாத எழுத்தை மாதிரிப் புத்தகத்தில் காட்டிவிட்டார்.