அச்சகத்தை விட்டுத் தனியாக வடிவமைப்புத் தொழில்: எங்கிருந்து தொடங்குவது?

மையொற்றி (சிவகாசி):
அனைவருக்கும் வணக்கம். இயந்திரவியலில் பட்டயம் முடித்த நான், வேலை அமையாத நாள்களில் உறவினரின் ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போய், அங்கேயே டி.டி.பி. (கணினியில் பக்கம் அமைக்கும் வேலை) கற்று, பிறகு ஃபிளெக்ஸ் கடையில் இரவு வேலை பார்த்து, இப்போது ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் காலண்டர்களுக்கும் அட்டைப்பெட்டிகளுக்கும் வடிவமைத்து வருகிறேன். வெளியிலிருந்தும் சிலர் லோகோ, பேக்கிங் டிசைன் என்று கேட்டு வருவதால், தனியாகத் தொழில் தொடங்கும் எண்ணம் வலுத்திருக்கிறது. ஆனால் நான் வடிவமைப்பை முறையாகப் படித்தவன் அல்லன். கட்டணம் கேட்டால் பக்கத்துக்கு இவ்வளவு என்றுதான் வாயில் வருகிறது. இப்படிச் சுற்றி வந்தது குறையாகுமா? கட்டணத்தை எப்படி வைப்பது?

கோடும்கட்டமும் (திருப்பூர்):
நண்பரே, நானும் பனியன் கம்பெனியில் லேபிள் ஒழுங்கு செய்யும் வேலையிலிருந்து இத்தொழிலுக்கு வந்தவன்தான். உங்களிடம் வருபவர் சான்றிதழைக் கேட்கப் போவதில்லை. பெட்டி சரியாக மடிந்து, ஒட்டி, கடையில் நிற்குமா என்றே பார்ப்பார். பசை ஒட்டும் மடிப்பில் மையோ வார்னிஷோ ஏறினால் ஒட்டு பிடிக்காது என்பதும், வெட்டுக்கோட்டுக்கு வெளியேயும் நிறம் நீள 3 மி.மீ. ப்ளீடு விட வேண்டும் என்பதும், பொடி எழுத்துகளை நான்கு நிறம் கலந்த கறுப்பில் போட்டால் ரிஜிஸ்டர் (நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துவது) சற்று விலகினாலும் ஓரத்தில் நிழல் தட்டும் என்பதும் உங்களுக்குக் கைப்பழக்கம். திரையில் மட்டுமே வேலை செய்து பழகியவர்கள் பலர் இதை முதல் பெட்டி அச்சான பிறகுதான் கற்கிறார்கள்.

கட்டணத்தில்தான் உங்கள் பழக்கம் மாற வேண்டும். அச்சு ஆர்டரோடு டிசைனை இலவசமாகக் கொடுக்கும் அச்சகங்கள் இருப்பதால், அங்கு வரும் வாடிக்கையாளரிடம் டிசைனுக்குத் தனிக் கட்டணம் பெறுவது கடினம். மசாலா, தின்பண்டம், சோப்பு என்று புதிதாகத் தொழில் தொடங்குவோர் அச்சகம் போகும் முன்பே உங்களிடம் வர வேண்டும், அவர்களைத்தான் தேடுங்கள். பக்கத்தை எண்ணாமல் மொத்த வேலைக்கும் ஒரு தொகை சொல்லி, எத்தனை முறை திருத்துவீர்கள் என்பதையும் அதிலேயே எழுதி, பாதியை முன்பணமாக வாங்கிய பின்பே கணினியைத் திறங்கள். மாதிரி காட்டும்போதும் இருபது படங்களைக் குவிக்காமல், ஒரே பெட்டியின் டை வரைபடம் (வெட்டும் மடிப்பும் காட்டும் படம்), அச்சிட்ட தாள், மடித்த பெட்டி ஆகிய மூன்றையும் வரிசையாக வைத்தால் போதும்.

கணக்குப்பிள்ளை (மதுரை):
மேலே சொன்ன மாதிரிகளில் ஒரு சிக்கல் உண்டு. மாறான ஒப்பந்தம் இல்லையென்றால், ஊழியராக இருந்து செய்த வடிவமைப்பின் முதல் உரிமையாளர் முதலாளியே என்கிறது 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். ஆகவே அச்சகத்தில் செய்தவற்றைக் காட்ட முதலாளியிடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள். நாளை நீங்கள் லோகோவின் உரிமையை மாற்றிக் கொடுப்பதாக இருந்தாலும் எழுத்தும் கையொப்பமும் வேண்டும். அதில் காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டுகளுக்கும், இடம் குறிக்காவிட்டால் இந்தியாவுக்கும் மட்டுமே அது செல்லும். இதை விளக்கிச் சொன்னால் வாடிக்கையாளர் கட்டணத்தை வேறு கண்ணால் பார்ப்பார்.

சேவைத் தொழிலில் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத வரை தமிழ்நாட்டில் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை மட்டும் முதலிலேயே செய்துவிடுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது, யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். குறுந்தொழிலாகப் பதிந்தவருக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் வாடிக்கையாளர் 45 நாள்களுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்கச் சட்டம் இடம் தரவில்லை. ஒப்பந்தமே இல்லையென்றால் கெடு 15 நாள்தான்.

கொம்பும்காலும் (கோவை):
உடனே வேலையை விடச் சொல்லும் தொனி எனக்கு உடன்பாடில்லை, தம்பி. கேன்வா என்ற இணையச் செயலியில் தாமே சுவரொட்டி செய்துகொள்பவர்கள் பெருகிவிட்டார்கள். எளிய வேலைகள் இனி குறையவே செய்யும். தமிழ் எழுத்தமைப்பில் கை தேர்ந்தவர்களுக்கோ இன்னும் தட்டுப்பாடு இருக்கிறது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்பை, இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றி, ஒற்றும் கொம்பும் சிதறாமல் பிழை பார்த்துக் கொடுக்கத் தெரியுமா? பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் 'கெ' என்பதன் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அப்படியே அச்சேறிய பெட்டிகளைக் கடைகளில் பார்த்திருக்கிறேன்.

மையொற்றி:
மிக்க நன்றி. பாமினி மாற்றம் எனக்கு அன்றாட வேலைதான், ஐயா. அதற்குத் தனிக் கட்டணம் கேட்கலாம் என்று இதுவரை தோன்றியதில்லை. முதலாளியிடம் அனுமதி கேட்டால் நான் விலகப்போவது தெரிந்துவிடுமே?

கோடும்கட்டமும்:
தெரியட்டும். சீசன் முடிந்த பிறகு நேராகவே பேசிவிடுங்கள். காலண்டர் வேலை குவியும் மாதங்களில் உங்களைப் போன்ற ஆளை வெளியிலிருந்தாவது அழைக்க வேண்டிய தேவை அவருக்கும் இருக்கும். உங்கள் முதல் வாடிக்கையாளர் அவராகவே கூட இருக்கலாம்.