கலைச்சொல் வேண்டும்: பானையடியில் முறுகும் ஹைத்திச் சோறு (‘கிராத்தேன்’)

வணக்கம். ஹைத்திச் சமையல் குறிப்பு ஒன்றைத் தமிழில் எழுதும்போது ‘கிராத்தேன்’ என்ற சொல்லில் வேலை நின்றுவிட்டது. ‘திரி கோலே’ என்பது ராஜ்மாவும் அரிசியும் ஒரே பானையில் வேகும் சோறு. அதன் அடியில் பொன்னிறமாகப் பிடிக்கும் தகடுதான் கிராத்தேன். ‘காந்தல்’ என்று போடலாமா?

> ‘காந்தல்’ என்று போடலாமா?

வேண்டாம் ஐயா. காந்தல் என்றாலே தீய்ந்த நாற்றமும் பாழான பானையும்தான் நினைவுக்கு வரும். கிராத்தேன் வேண்டுமென்றே வரவழைப்பது. அதற்குப் பங்கு கேட்டு வீட்டில் போட்டியே நடக்கும். செய்முறையைப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும்.

ஒரு கப் ராஜ்மாவை இரவு ஊறவைத்து, தோல் கிழியாமல் மெத்தென்று வேகவைத்து வடிக்க வேண்டும். வடித்த நீரைக் கொட்டிவிடக் கூடாது. சோற்றுக்கு நிறம் அதிலிருந்துதான் வருகிறது. அடிகனமான வார்ப்பு அலுமினியப் பானையில் 4 மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி, ‘எப்பீஸ்’ (வெங்காயத்தாள், பூண்டு, பார்சிலி, தைம், குடைமிளகாய் அரைத்த விழுது) 3 மேசைக்கரண்டி சேர்த்து வதக்கவும். பிறகு வெந்த ராஜ்மாவை மட்டும் போட்டு, அதன் மேல்தோல் லேசாக மொறுமொறுப்பாகும்வரை வறுக்கவும். ராஜ்மா வடித்த நீர் 4 கப் (குறைந்தால் வெந்நீர் சேர்த்து), உப்பு, பொடித்த கிராம்பு 4. கொதி வந்ததும் கழுவி வடித்த நீள அரிசி 2 கப். காரமான ‘பிமான் பூக்’ மிளகாயை முழுதாக மேலே வைக்க வேண்டும். அது உடைந்தால் பானை முழுக்கக் காரம் ஏறிவிடும்.

நீர் அரிசி மட்டத்துக்கு வற்றியதும் மூடி, சிறுதீயில் 20 நிமிடம். அதற்குப் பிறகு கிளறவே கூடாது. நீர் இருக்கும்வரை அடி 100 பாகை செல்சியஸைத் தாண்டாது, சிவக்காது. நீர் தீர்ந்த பின்தான் எண்ணெயோடு சேர்ந்து சோறு முறுகத் தொடங்கும். கடைசி 5 நிமிடம் தீயைச் சற்றுக் கூட்டினால் கிராத்தேன். அதையே மறந்துவிட்டால் காந்தல். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் சமைப்பவர் எங்கே நிறுத்துவது?

> இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால்

ஏற்கிறேன். மூலச்சொல் பிரெஞ்சில் ‘சுரண்டு’ என்ற வினையிலிருந்து பிறந்தது. அதைப் பின்பற்றி ‘அடிச்சுரண்டல்’ எனலாமா என்று யோசித்தால், இன்று சுரண்டல் என்றாலே உழைப்புச் சுரண்டல்தான். உணவுக்கு ஒட்டாது. ‘பொருக்கு’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். அடிப்பொருக்கு.

> அடிப்பொருக்கு

வடிவத்தைச் சரியாகக் காட்டுகிறது; ஆனால் புண் ஆறும்போது கட்டுவதும் பொருக்குதானே அம்மா? சாப்பிடும் பொருளுக்கு அந்த நினைவு வேண்டாம். முறுகல் தோசை என்று எல்லாரும் சொல்கிறோம். நிறம், மொறுமொறுப்பு, வேண்டுமென்றே செய்தது என மூன்றும் அந்தச் சொல்லில் இருக்கின்றன. ‘அடிமுறுகல்’ என் தேர்வு. வினையும் தானாகக் கிடைக்கிறது: ‘5 நிமிடம் அடிமுறுக விடவும்.’

> ‘அடிமுறுகல்’ என் தேர்வு

இலங்கைச் செய்திகளில் ‘முறுகல் நிலை’ என்றால் பிணக்கு. முன்னால் ‘அடி’ இருப்பதால் இங்கே குழப்பம் வராது, ஏற்கலாம். ஹைத்தி இருக்கும் அதே தீவின் மறுபகுதியான டொமினிக்கன் குடியரசில் ‘கொன்கோன்’, ஈரானில் ‘தாதிக்’ என்பவையும் பானையடியில் முறுகுபவைதான். ஈரானில் சில வேளை சோற்றுக்கு அடியில் உருளைக்கிழங்கு வில்லைகளையோ ரொட்டியையோ பரப்புவதால், அங்கே ‘உருளை அடிமுறுகல்’ என்று விரிக்கவும் இடமிருக்கிறது.

ஒரு நடைமுறைக் குறிப்பும் இந்தச் சொல்லின் விளக்கத்தில் சேர வேண்டும். தேங்காய்ப்பால் சேர்த்தால் அடி விரைவில் கருகும். கடைசியில் தீயைக் கூட்ட வேண்டாம். மெல்லிய பானையில் தீ படும் இடம் மட்டும் கருகி, ஓரம் வெள்ளையாகவே நிற்கும். அடியில் தோசைக்கல் வைத்தால் சூடு பரவும். மேல்சோற்றை எடுத்த பின், பானையை ஈரத்துணிமேல் 2 நிமிடம் வைத்துவிட்டு, மரக்கரண்டியை ஓரத்திலிருந்து உள்ளே செலுத்தினால் அடிமுறுகல் பெரிய துண்டுகளாகப் பெயர்ந்து வரும்.