ரூட் மட்டும் போதுமா, பூட்லோடரையும் திறக்கணுமா? அவசரம்

தக்கலை_பையன்:
அண்ணமாரே ஒரு உதவி, போன்ல வேண்டாத ஆப்பா கெடந்து எடத்த அடைக்கி, அழிக்க விடமாட்டேங்கு, ஒரே டச்ல ரூட் ஆவும்னு, அதாவது போனுக்க முழு அதிகாரமும் நம்ம கைக்கு வரும்னு, வீடியோல பாத்து ஒரு ஆப் போட்டேன், ஃபெயில்டுன்னே வருகு. பூட்லோடர், அதான் போன் ஆன் ஆகும்போது ஆண்ட்ராய்ட ஏத்துக புரோகிராம், அத அன்லாக் பண்ணுனா எல்லாம் அழிஞ்சிருமாமே, அது இல்லாம ரூட் மட்டும் பண்ண வழி உண்டா? இன்னைக்கே வேணும்

குளச்சல்கரை:
என்ன போன்? ஆண்ட்ராய்டு எத்தன?

ரப்பர்பால்:
ஆப்ப மாத்திப் பாரும். கிங்ரூட்ல எனக்க பழைய போன் சும்மா ரூட் ஆச்சு. சார்ஜ் ஃபுல்லா இருக்கணும் அதான் காரியம்

வடசேரி_அண்ணாச்சி:
சார்ஜுக்கும் ரூட்டுக்கும் என்னவே சம்பந்தம். தம்பி, தேடிப் பாத்துட்டு கேக்கப் படிக்கணும், இத எழுதி எழுதி கை தேஞ்சாச்சு. பூட்லோடர் பூட்டிக் கெடந்தா போன் ஆன் ஆகும்போதே பூட் இமேஜ்ல, அதாவது ஆண்ட்ராய்ட தொடங்கி வைக்க பைல்ல, கம்பெனிக்க டிஜிட்டல் கையெழுத்து சரியா இருக்கான்னு பாக்கும், ஆண்ட்ராய்டு 7ல இருந்து கறாரா பாக்கும், மாத்தியிருந்தா பூட் ஆகாது. ரூட் பண்ணுக மேஜிஸ்க் ஆப் கை வைக்கதே அந்த இமேஜ்லதான். அதனால மொதல்ல அன்லாக், பொறவு ரூட். அன்லாக் ஆனா மட்டும் ரூட் ஆயிட்டுன்னு இல்ல, கேட்டியா. ஒரு டச் ஆப்பெல்லாம் கெர்னல் ஓட்டைல, அதாவது ஆண்ட்ராய்டுக்க அடிமட்டத்துல உள்ள பிழைல, நொழைஞ்ச காலம் 2014, டவல்ரூட் காலம். போட்ட ஆப்ப மொதல்ல தூக்கு

தக்கலை_பையன்:
ஆண்ட்ராய்டு 11. அம்மாக்க போன். ஜிபே, கேஸ் புக்கிங் எல்லாம் இதுலதான்

குளச்சல்கரை:
மாடல் கேட்டா ஜிபே கதை சொல்லுகான்

ரப்பர்பால்:
ரூட் போன்ல நான் ஜிபே ஓட்டத்தான செய்யேன்

வடசேரி_அண்ணாச்சி:
இன்னைக்கு ஓடும். போன்ல கை வச்சிருக்கான்னு பாக்க கூகுளுக்க பிளே இன்டக்ரிட்டி நாளைக்கு இறுக்குனா மறைக்கதுக்கு புது மாட்யூல் தேடி ராத்திரி முழிப்பீரு, அந்தப் பிள்ளைக்க அம்மாவும் முழிக்கணுமா?

ரப்பர்பால்:
புடிக்கலன்னா திருப்பி பூட்டிர வேண்டியதுதான

வடசேரி_அண்ணாச்சி:
மேஜிஸ்க் போட்ட இமேஜோட பூட்டும், போன் ஆன் ஆகாம செங்கல் ஆவும். ஸ்டாக் ரோம், அதாவது கம்பெனி தந்த ஒரிஜினல் ஆண்ட்ராய்ட, முழுசா ஏத்திட்டுத்தான் பூட்டணும், அப்பவும் டேட்டா அழியும்

நாஞ்சில்_அக்கா:
ரெண்டுபேரும் சண்டைய ஓரமா வைங்க. மக்ளே ஒனக்கு ரெண்டுமே வேண்டாம். பில்ட் நம்பர 7 தடவ தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ல யூஎஸ்பி டீபக்கிங் போட்டு, கம்ப்யூட்டர்ல இருந்து போனுக்கு கட்டளை குடுக்க ஏடிபி ஷெல் எடுத்து பிஎம் அன்இன்ஸ்டால் --யூசர் 0, பின்னால பேக்கேஜ் பேரு, அதாவது ஆப்புக்க உள்பேரு, அடி. போட்டோ ஒண்ணும் போவாது. என்ன ஆப்புன்னு தெரியாம தூக்காண்டாம். ஆனா எடம் பெருசா கிடைக்காது, அந்த பைல் ஆண்ட்ராய்டுக்குன்னு ஒதுக்குன சிஸ்டம் பார்ட்டிஷன்லதான் கெடக்கும், ரூட் பண்ணி அழிச்சாலும் ஒனக்க ஸ்டோரேஜ் பெருகாது. வாட்சப்ல மேனேஜ் ஸ்டோரேஜ் பாத்தியா?

தக்கலை_பையன்:
வாட்சப்ல மட்டும் 11 ஜிபி!! சித்தி அனுப்புன குட்மார்னிங் வீடியோதான் மொத்தமும். கொஞ்சம் ஆப்பும் ஏடிபில போச்சு. நன்றி அக்கா

ரப்பர்பால்:
அண்ணாச்சி, கிராபீன் ஓஎஸ்னு வேற ஆண்ட்ராய்டு போட்டுட்டும் பூட்டத்தான செய்யான், அதுக்கு என்ன சொல்லுகீரு?

வடசேரி_அண்ணாச்சி:
அது கூகுளுக்க பிக்சல் போன்வே. கையெழுத்த சரிபாக்க சொந்த சாவி ஏத்திட்டு பூட்ட அதுல வசதி உண்டு, ரூட்டும் கெடையாது. எல்லா போனும் பிக்சல் ஆவுமா?