‘செட்டப்’புக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

கிருஷ்ணகிரியிலிருந்து:

ஐயாக்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம்.

எங்கள் கல்லூரி இதழுக்காக ‘மிஷன்: இம்பாஸிபிள்’ பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். டாம் குரூஸ் படங்கள் இல்லை; 1966 முதல் 1973 வரை அமெரிக்காவில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்த பழைய தொடர். அதில் வரும் ரகசியக் குழு பெரும்பாலும் துப்பாக்கியைத் தொடுவதே இல்லை. எதிரியைச் சுற்றி ஒரு பொய்யான நிலைமையை உண்டாக்கிவிட்டு நகர்ந்துவிடும். அவனே உண்மையைக் கக்குவான், இல்லாவிட்டால் அவனுடைய கூட்டாளிகளே அவன் கதையை முடிப்பார்கள். முதலில் வெளிநாட்டுச் சர்வாதிகாரிகள், உளவாளிகள் என்று போய்க்கொண்டிருந்த தொடர், கடைசிப் பருவங்களில் ‘சிண்டிகேட்’ என்ற குற்றக் கும்பலின் பக்கம் திரும்பிவிட்டது.

இந்த வேலையை ஆங்கிலத்தில் ‘கான்’ என்கிறார்கள், சிலர் ‘ஸ்டிங்’ என்கிறார்கள். நமக்கு ‘செட்டப்’. கட்டுரை முழுக்க செட்டப் என்றே எழுதினால் ஆசிரியர் விடமாட்டார். ‘சூழ்ச்சி’ என்று போட்டுப் பார்த்தேன், சகுனி வந்து நிற்கிறான். உதவுங்கள்.

சேலத்திலிருந்து:

‘பொறி’ இருக்கும்போது புதுச் சொல் எதற்கம்மா? ‘பொறி வைத்துப் பிடித்தனர்’ என்று செய்தித்தாளிலேயே வருகிறது. குழுவுக்கு ‘ஒற்றர் படை’ போதும்.

அரூரிலிருந்து:

அண்ணன் சொன்ன பொறி நல்ல சொல்தான். ஆனால் அதற்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது.

லஞ்ச ஒழிப்புப் போலீஸார் ‘ட்ராப்’ என்கிறார்களே, அதுதான் பொறி. பினாப்தலீன் தூள் தடவிய நோட்டுகளைப் புகார்தாரரிடம் கொடுத்து அனுப்புவார்கள். வாங்கியவரைப் பிடித்ததும் சோடியம் கார்பனேட் கரைசலில் விரலை முக்கச் சொல்வார்கள். அதுவரை நிறமில்லாமல் இருந்த தண்ணீர் இளஞ்சிவப்பாகிவிடும். இதில் மேஜை நிஜம், அலுவலகம் நிஜம், பட்டா மாறுதல் மனுவும் நிஜம். மறைத்தது அந்தத் தூளை மட்டும்தான்.

இந்தத் தொடரில் நடப்பது அப்படியே தலைகீழ். கடைசிப் பருவத்தில், 1972-ல் வந்த ஒரு கதை. புளூட்டோனியத்தைத் திருடிப் பதுக்கிய ஒருவனை மயக்கிவிடுகிறார்கள். விழித்துப் பார்த்தால் ஆண்டு 2000 என்கிறார்கள். இடையில் அணுகுண்டுப் போர் நடந்து எல்லாம் பாழாகிவிட்டதாகக் காட்டுகிறார்கள். அவன் முகத்தையே கிழட்டு முகமாக்கி வைத்திருக்கிறார்கள். இருபத்தெட்டு வருடத்தை ஒரே தூக்கத்தில் தாண்டவைத்தது எதற்கு? பதுக்கிய இடத்தை அவன் வாயாலேயே வரவழைக்கத்தான். இதற்கு முன்னோடி முதல் பருவத்திலேயே, 1966-ல் வந்துவிட்டது. எதற்கும் மசியாத எதிரி ஆள் ஒருவனை, மூன்று வருடம் ஓடிவிட்டதாகவும் அவன் சொந்த நாட்டுச் சிறையில் மரண தண்டனைக்குக் காத்திருப்பதாகவும் நம்பவைப்பார்கள்.

நாட்காட்டி பொய், சுவர் பொய், காவல்காரன் பொய், கண்ணாடியில் தெரிகிற முகமும் பொய். நிஜமாக இருப்பது அவன் புத்தி ஒன்றுதான். அது வழக்கம்போலச் சரியாகவே கணக்குப் போடுகிறது, கொடுத்த கணக்குதான் தப்பு. இதைப் பொறி என்றால் தூள் தடவின நோட்டும் இதுவும் ஒன்றாகிவிடும்.

ஒற்றர் படையும் ஒட்டாது, அண்ணா. ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் ஓர் ஒற்றனை இன்னொரு ஒற்றன் அறியாதபடி ஆளச் சொல்கிறார், மூவர் சொல்வது ஒத்துப்போனால் நம்பச் சொல்கிறார். இங்கே கதையே வேறு. வேடம் மாற்ற ரோலின் ஹேண்ட், கருவி வேலைக்கு பார்னி கோலியர், தூக்கிச் சுமக்க வில்லி ஆர்மிட்டேஜ். ஒருவர் அடுத்த நொடி என்ன செய்வார் என்று மற்றவர்களுக்குத் தெரிந்திருந்தால்தான் காரியம் நடக்கும். இவர்கள் வேவு பார்ப்பதைவிட நடிப்பதுதான் அதிகம்.

அதனால் எனக்குக் கூத்துதான் ஞாபகம் வருகிறது. எங்கள் தர்மபுரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோவிலில் பாரதம் வைத்தால் விராட பருவம் வருமே, அதைப் பாருங்கள். தருமன் கங்கன் என்ற பெயரில் ராஜாவுக்குச் சூதாட்டத் துணை, பீமன் சமையல்கட்டில், அர்ச்சுனன் நாட்டியம் சொல்லித்தரும் பிருகன்னளை, நகுலன் குதிரை லாயத்தில், சகாதேவன் மாட்டுத் தொழுவத்தில், திரௌபதி ராணிக்குத் தலைவாரிவிடுகிறாள். ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பிழைப்பு. இது ரகசியக் குழு இல்லாமல் வேறென்ன? கீசகன் தொல்லை தாங்காமல் அவனை ராத்திரி நடனசாலைக்கு வரச் சொல்கிறாள். அங்கே உட்கார்ந்திருப்பது பீமன். கூத்தில் அவன் புடவையைப் போர்த்திக்கொண்டு உட்காரும்போது முக்காட்டுக்கு வெளியே மீசை நீட்டிக்கொண்டிருக்கும். கூட்டம் மொத்தமும் சிரிக்கும், கீசகனுக்கு மட்டும் தெரியாது. காரியம் முடிந்ததும் கந்தர்வர்கள் கொன்றுவிட்டார்கள் என்று ஒரு கதையும் கட்டிவிடுகிறார்கள். எவ்வளவு கச்சிதம் பாருங்கள்!

நான் முன்வைப்பது ‘பொய்க்களம்’. பொய்க்கால் குதிரை என்கிறோமே, அந்தப் ‘பொய்’. அதைக் கேட்டு யாரும் ஏமாற்று வேலை என்று முகம் சுளிப்பதில்லை. செயற்கையாகச் செய்தது, பார்க்கிறவர்களுக்குத் தெரிந்தே செய்தது என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். வினையாக வேண்டுமென்றால் ‘பொய்க்களம் போட்டார்கள்’. அதில் மாட்டுகிறவனை ‘குறியாள்’ எனலாம். ‘ஏமாளி’ கூடாது. இந்தத் தொடரில் மாட்டுகிற எவனும் ஏமாளி இல்லை.

ஆசைகாட்டி இழுக்க ஒருவரை நிறுத்துகிறார்களே, அவருக்கு ஒரு சங்கச் சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மான் பிடிக்க வேட்டுவன் பழக்கி வைத்திருக்கும் பெண்மானைப் புறநானூறு ‘பார்வை மடப்பிணை’ என்கிறது. தகடூர்க்காரனான எனக்கு அதை எடுத்தாள ஆசைதான். ஆனால் இன்று ‘பார்வை’ கண்ணோடு போய்விட்டது. ‘பார்வையாள்’ என்று எழுதினால் பார்வையாளர் என்றுதான் படிப்பார்கள். விட்டுவிடலாம்.

ஓசூரிலிருந்து:

எனக்கு இரண்டு இடத்தில் இடிக்கிறது. களம் என்றால் எங்கள் பக்கம் முதலில் நினைவுக்கு வருவது கேழ்வரகு அடிக்கிற களம். அது போகட்டும், ‘போர்க்களம்’, ‘தேர்தல் களம்’ எல்லாம் பழகிவிட்டது. ‘பொய்’தான் உறுத்துகிறது. அரசாங்கமே செய்கிற காரியத்துக்குப் பொய் என்று பெயர் வைப்பதா? ‘புனைகளம்’ என்றால் கொஞ்சம் கௌரவமாக இருக்குமே. ‘ஜோடிப்பு’ என்ற சொல்லும் மக்கள் வாயில் இருக்கிறது. அதையும் பார்க்கலாம்.

அரூரிலிருந்து:

ஜோடிப்பு வேண்டாம். ‘ஜோடித்த வழக்கு’ என்றால் ஒன்றும் செய்யாதவனை உள்ளே தள்ளுவது. இங்கே உள்ளே போகிறவன் உண்மையிலேயே குற்றவாளி. அதே காரணத்தால்தான் புனைகளத்துக்கும் தயங்குகிறேன். ‘புனையப்பட்ட வழக்கு’ என்று வக்கீல்கள் தினமும் சொல்கிறார்கள். கௌரவம் தேடிப் போய் இன்னும் பெரிய பழியில் மாட்டிக்கொள்வோம். ‘பொய்’ என்றால் பொய் என்று பச்சையாகத் தெரிகிறது, அதில் வஞ்சகம் குறைவு.

அரசாங்கம் பற்றி: அந்தத் தொடரில் அரசாங்கமும் அப்படியொன்றும் நெஞ்சை நிமிர்த்தி நிற்பதில்லை. வேலையை ஒப்படைக்கிற ஒலிநாடாவிலேயே, நீங்கள் பிடிபட்டாலும் செத்தாலும் எங்களுக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிடுகிறார்கள். அப்புறம் அந்த நாடாவும் ஐந்து நொடியில் புகைந்துபோகிறது.

சேலத்திலிருந்து:

சரி, பொய்க்களம் இருக்கட்டும். வாயில் சுலபமாக வருகிறது. செட்டப் என்ற சொல்லுக்கு நம் ஊரில் இன்னொரு அர்த்தமும் உண்டு என்பதால், கல்லூரி இதழில் அது வராமல் இருப்பதே நல்லது. ஆனால் லஞ்ச ஒழிப்புச் செய்திக்கும் பொய்க்களம் என்று யாராவது எழுத ஆரம்பித்தால் மறுபடி சண்டைக்கு வருவேன். அங்கே பொறிதான்.

கிருஷ்ணகிரியிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. கட்டுரையில் இப்படிப் போட்டுப் பார்த்தேன்:

“குழுத் தலைவர் ஜிம் ஃபெல்ப்ஸ் ஆட்களைப் பொறுக்கி எடுக்கிறார். குறியாளின் பலவீனம் என்ன என்று அலசுகிறார்கள். பொய்க்களம் போடுகிறார்கள். அவன் அதற்குள் தன் காலாலேயே நடந்து வருகிறான்.”

படித்துக்காட்டியபோது விடுதித் தோழிகள் யாரும் நிறுத்திக் கேள்வி கேட்கவில்லை. ‘குறியாள்’ மட்டும் ஒருத்திக்குக் ‘குறிசொல்கிற ஆள்’ என்று கேட்டதாம். அதனால் முதல் இடத்தில் ‘குறிவைக்கப்பட்ட ஆள்’ என்று விரித்து எழுதிவிட்டுப் பிறகு சுருக்கிக்கொள்கிறேன். ஒலிநாடா வசனத்துக்கு ‘அமைச்சர் கைவிரித்துவிடுவார்’ என்று எழுதியிருக்கிறேன். ஓசூர் ஐயாவுக்கு ஆட்சேபம் இல்லையென்றால் அதையும் அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிடுகிறேன்.