பாதி லேபல் போன போத்தலும் கிணற்றுத் தண்ணீர் ரிப்போட்டும்

இரசாயனப் பெயரீட்டை, அதாவது சேர்வைகளுக்குப் பெயர் வைக்கும் முறையை, பாடமாக்கிச் சோதனை முடிந்ததும் மறந்துவிட்டோம் என்றுதான் பலர் சொல்வார்கள். நான் யாழ்ப்பாணத்தில் வலிகாமம் பக்கம் ஒரு பாடசாலையில் ஆய்வுகூட உதவியாளர். பிள்ளைகள் எழுதுவதைவிட அவர்கள் கை செய்வதைத்தான் கூடப் பார்க்கிறேன், அதனால் அந்தப் பெயர்கள் உதவிய இரண்டு சம்பவம் சொல்கிறேன்.

அலுமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பழைய போத்தல், உள்ளே வெள்ளைத் தூள். லேபலைக் கறையான் அரித்து “சோடியம் சல்” மட்டும் மிச்சம். இப்படியானதை வகுப்புக்கு எடுக்கக்கூடாது, ஒதுக்கிவிட வேண்டும் என்பதுதான் ஒழுங்கு. ஆனால் இரசாயனம் படிப்பிக்கும் சேர் யன்னல் எல்லாவற்றையும் திறக்கச் சொல்லிவிட்டு, கரண்டி நுனியளவு மட்டும் எடுத்து உயர்தரப் பிள்ளைகளிடம் “மிச்சப் பெயரை நீங்களே கண்டுபிடியுங்கோ” என்று கொடுத்துவிட்டார்.

சல்பைட்டு, சல்பைற்று, சல்பேற்று மூன்றில் ஒன்று. பெயர் ஐட்டு என்று முடிந்தால் பெரும்பாலும் ஒட்சிசன் இல்லை (ஐதரொட்சைட்டு மாதிரி விலக்குகள் இருக்கின்றன), ஐற்று என்றால் ஒட்சிசன் குறைவு, ஏற்று என்றால் கூட. பிள்ளைகள் தடுமாறுவது எங்கே என்றால், ஏற்று என்றதும் நாலு ஒட்சிசன் என்று எழுதிவிடுவார்கள். சல்பேற்றில் நாலு சரி, நைத்திரேற்றில் மூன்றுதானே. சல்பைற்றிலும் மூன்றுதான். பெயரின் அந்தக் கடைசிப் பகுதி ஒட்சிசனை எண்ணிச் சொல்வதில்லை, அதே மூலகத்தின் இரண்டு அயன்களில் (மின்னேற்றமுள்ள அணுக்கூட்டங்களில்) எதில் கூட, எதில் குறைய என்று மட்டுந்தான் சொல்கிறது. ரியூசன் கொப்பியில் இது ஒரு வரியாகக்கூட இருக்காது.

சரி, ஐதான (தண்ணீர் கூடக் கலந்த) ஐதரோகுளோரிக் அமிலம் ஊற்றினார்கள், நுரைத்தது. ஒரு தம்பி சோதனைக்குழாயின் வாயில் நேரே மூக்கை வைக்கப் போனான், சேர் தோளில் பிடித்து இழுத்தார். தள்ளிப் பிடித்து, கையால் விசிறி, மெல்லிசாக ஒரு மணம் வந்தால் போதும். வந்தது சல்பைட்டு தரும் கூழ்முட்டை நாற்றமில்லை, நெருப்புக்குச்சி உரசின கையோடு மூக்கில் ஏறுமே, அந்தக் காரம். அமிலம் சேர்த்த பொற்றாசியம் இருகுரோமேற்றில் நனைத்த வடிதாளைப் பிடித்தார்கள், செம்மஞ்சள் பச்சையானது. அமிலம் பட்ட சல்பைற்று விடும் கந்தக ஈரொட்சைட்டு வாயுதான் அது. அப்போ சல்பைற்று என்று ஒரு குழு முடிவுகட்டிவிட்டது.

மற்றக் குழு தூளைத் தண்ணீரில் கரைத்துப் பேரியம் குளோரைட்டு விட்டது. வெள்ளை வீழ்படிவு, அதாவது கரையாத தூள், வந்தது. அதில் ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் பேரியம் சல்பைற்று கரைந்துபோகும், பேரியம் சல்பேற்று கரையாது. இங்கே என்னவென்றால் பாதி தெளிந்தது, பாதி அடியில் அப்படியே கிடந்தது. “சேர், இது சல்பேற்றுத்தான்!” “இல்லை, மணந்தனாங்கள்தானே!” என்று வகுப்பே சந்தையாகிவிட்டது.

இரண்டு குழுவும் சரி. போத்தலின் மூடியில் வெடிப்பு விழுந்திருந்தது. சோடியம் சல்பைற்று காற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்து மெல்ல மெல்லச் சல்பேற்றாகிவிடும், வருசக்கணக்கில் கிடந்ததில் இரண்டும் கலந்து இருந்தது. ஐற்று ஏற்றாவதை இதைவிட விளக்கமாகக் காட்ட முடியாது என்று எனக்குப் பட்டது. இப்போது ஒவ்வொரு போத்தலிலும் பெயரோடு திறந்த திகதியையும் பென்சிலால் எழுதி மேலே செலோரேப் ஒட்டுகிறேன். பேனை மை அமிலம் பட்டால் கலங்கிப்போகும்.

 

மற்றச் சம்பவம் சின்னது. ஒரு தங்கச்சி வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ரிப்போட்டைக் கொண்டுவந்தா. நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவே அதுதான். எங்கள் பக்கம் இது புதினமில்லை. தோட்டத்துக்குப் போடும் யூரியாவும் மலசலகூடக் குழியும் செம்மண்ணையும் வெடிப்பு விழுந்த சுண்ணாம்புக்கல்லையும் தாண்டி நைத்திரேற்றாக நேரே கிணற்றுக்குப் போய்விடும்.

“அண்ணை, கொதிக்க வைச்சாப் போகுமோ?”

போகாது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் ஆவியாகும், நைத்திரேற்று இன்னும் செறிவாகும். கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிவது கல்சியம் காபனேற்று, அது வேறு கதை. பெரியவர்களைவிடக் கைக்குழந்தைக்குத்தான் ஆபத்து. உடம்புக்குள் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, இரத்தம் ஒட்சிசன் காவுவதைக் கெடுக்கும், பிள்ளை நீலம் பாயும். அவவின் அக்காவுக்கு அப்போது நாலு மாதக் குழந்தை. பால்மா கரைக்கிற தண்ணீரை அன்றைக்கே மாற்றச் சொல்லி அனுப்பினேன், அடுத்த கிழமை போத்தல் தண்ணீர் வாங்குகிறோம் என்று வந்து சொன்னா.