முன்னாடி ஆக்சிடென்ட்னு காருக்கு எப்படித் தெரிஞ்சுது?

குளிர்காத்து:
எல்லாருக்கும் வணக்கம். நான் இருக்கறது ஜெர்மனில ஸ்டுட்கார்ட்ல. போன வாரம் ராத்திரி ஆபீஸ் நண்பரோட ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் 8 கார்ல ஏ8 ஆட்டோபான்ல (இங்க எக்ஸ்பிரஸ்வேயை அப்படித்தான் சொல்வாங்க) வந்துட்டு இருந்தோம், நல்ல மழை, ஒரு வளைவு வர்றதுக்கு முன்னாடியே டேஷ்போர்டுல எச்சரிக்கை வந்துச்சு, நண்பர் உடனே வேகத்தைக் குறைச்சார், வளைவு தாண்டிப் பாத்தா ஒரு கார் குறுக்கால நிக்குது, அப்பதான் இடிச்சிருக்கு போல. போன்ல மேப் ஓடிட்டுதான் இருந்துச்சு, அதுல ஒண்ணுமே காட்டல. அந்த எச்சரிக்கை மட்டும் வரலன்னா நாங்க நேரா போய் மோதியிருப்போம், இன்னும் படபடப்பு போகல. இது எங்கேர்ந்து வருது? என்னோடது 2016 மாடல், இதுக்கு தனியா ஏதாவது வாங்கி மாட்ட முடியுமா?

வயரிங்_வாத்தியார்:
தம்பி, நல்லபடியா வந்து சேந்தீங்களே, அது போதும். நான் இந்த வேலைலதான் இருக்கேன். அந்த மாடல்ல கார்2எக்ஸ்னு ஒரு ரேடியோ இருக்கு, வைஃபை குடும்பம்தான், 5.9 கிகாஹெர்ட்ஸ்ல பேசும். சிம், டவர் எதுவும் வேண்டாம், வண்டிக்கு வண்டி நேரடி. ஒவ்வொரு வண்டியும் தன் இடம், வேகம், திசையை வினாடிக்கு சில தடவை சொல்லிக்கிட்டே இருக்கும். ஏர்பேக் விரிஞ்சாலோ சடன் பிரேக் அடிச்சாலோ அதுக்குன்னு தனி எச்சரிக்கை போகும். தடை இல்லாத இடத்துல 800 மீட்டர் வரைக்கும் எட்டும். மணிக்கு 120 கிலோமீட்டர்ல போறப்ப வினாடிக்கு 33 மீட்டர் போறோம், அப்ப 800 மீட்டர்னா 24 வினாடி கையில இருக்கு. அடிபட்டவர் இறங்கி, டிக்கியத் திறந்து, எச்சரிக்கை முக்கோணத்தை எடுத்துக்கிட்டு நடந்து போய் வைக்க எவ்வளவு நேரம் ஆகும்னு யோசிங்க, ரெண்டாவது மோதல் அந்த இடைவெளிலதான் நடக்குது.

ஆம்புலன்ஸைக் கூப்பிடறது வேற சமாச்சாரம், அது ஈகால். ஐரோப்பாவுல 2018 மார்ச் 31லேர்ந்து புதுசா அனுமதி வாங்குற கார் மாடல்கள்ல கட்டாயம். ஏர்பேக் விரிஞ்சதும் வண்டியே 112க்கு, அதான் ஐரோப்பாவோட அவசர நம்பர், போன் போட்டு இடம், எந்தப் பக்கம் போய்ட்டு இருந்துச்சு, என்ன எரிபொருள் எல்லாம் அனுப்பிடும். ஆட்டோபான்ல எந்தப் பக்கம்ங்கறது ரொம்ப முக்கியம், எதிர்ப்பக்கம் போய்ட்டா அடுத்த எக்ஸிட் வரைக்கும் ஓடிட்டுத்தான் திரும்பணும்.

பழைய வண்டில கார்2எக்ஸ் மாட்டறது நடைமுறைல ஆகாது.

நெட்டைப்பனை:
அண்ணன் சொன்னது சரி, ஆனா ஒண்ணு விட்டுட்டார். அந்த ரேடியோ சில கம்பெனி கார்லதான் இருக்கு. செல்போன் தொழில்நுட்பத்தை வச்சுப் பேசறது இன்னொரு வகை, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு நேரடியா பேசாது. வைஃபை வகையை முன்னிறுத்தி வந்த விதியை 2019ல ஐரோப்பிய யூனியன் உறுப்பு நாடுகளே வேண்டாம்னு தள்ளிட்டாங்க, அதுக்கப்புறம் அவங்கவங்க வழில போறாங்க. வால்வோ மாதிரி சிலர் சர்வர் வழியா அனுப்பறாங்க, முன்னாடி போற வண்டி நாலு இண்டிகேட்டரையும் போட்டா பின்னாடி வர்ற வால்வோவுக்குத் தெரியும், ஸ்வீடன்லயும் நார்வேலயும் 2016லயே ஆரம்பிச்சாங்க. ஆனா அதுக்கு நெட்வொர்க் வேணும். உயிர் விஷயத்துல கம்பெனிக்கு ஒரு பாஷைன்னு இருக்கறது எனக்கு மனசே ஆறல.

வண்டிச்சக்கரம்:
நாமக்கல்லேர்ந்து எழுதறேன், வீட்டுல லாரித் தொழில். நம்ம ஊர்ல பஸ், டாக்ஸிக்கு ஏஐஎஸ் 140னு ஜிபிஎஸ்ஸும் அவசர பட்டனும் இருக்கு, அமுக்கினா கன்ட்ரோல் ரூமுக்குத் தகவல் போகும், பின்னாடி வர்ற வண்டிக்கு ஒண்ணும் போகாது. நம்ம பைபாஸ்ல லாரி நின்னுட்டா இன்னமும் மரக்கிளைய ஒடிச்சுப் போடறதும் கல்லை வைக்கறதும்தான். வண்டி கிளம்பினப்புறம் கல்லை எடுக்காமப் போயிடறாங்க, இருட்டுல பைக்காரன் அதுல ஏறி விழுவான். எங்க டிரைவர்ங்ககிட்ட கல்லே கூடாது, ரிஃப்ளெக்டர் முக்கோணம் வை, நெடுஞ்சாலை உதவி நம்பர் 1033க்கு போன் போடுன்னு சொல்லிச் சொல்லி இப்பதான் கொஞ்சம் பழகியிருக்காங்க.

குளிர்காத்து:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். அடுத்த கார் வாங்கறப்ப இதைத்தான் முதல்ல கேப்பேன். வாத்தியார் அண்ணா, நண்பர் வண்டில எஸ்ஓஎஸ் பட்டன் இருக்கு, வேலை செய்யுதான்னு ஒருதடவை அமுக்கிப் பாக்கலாமா?

வயரிங்_வாத்தியார்:
வேண்டாம் தம்பி, அது நிஜமாவே 112க்குப் போகும். தெரியாம அமுக்கிட்டா கட் பண்ணாதீங்க, லைன்ல இருந்து தவறிப்போய் அமுக்கிட்டோம்னு சொல்லுங்க, இல்லன்னா அடிபட்டு மயங்கிக் கிடக்கறாங்கன்னு நெனச்சு ஆளை அனுப்பிடுவாங்க.